சின்ன மியூசிக் பிளேயருக்குக் குறைந்த செலவில் ஹெட்போன்: எந்த வரிசையில் தேடுவது, எங்கே சறுக்குவோம்

எங்கள் வீட்டில் இன்னும் மூன்று மியூசிக் பிளேயர்கள் ஓடுகின்றன. அப்பாவின் சட்டைப்பையில் ஒரு கிளிப் பிளேயர், நான் பஸ்ஸில் எடுத்துப்போகும் பழைய வாக்மேன், அக்கா மகன் பிறந்தநாளுக்குக் கேட்டு வாங்கியது ஒன்று. இவற்றுக்காகவும், "உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, ஒண்ணு பார்த்துச் சொல்லேன்" என்று கேட்டவர்களுக்காகவும் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பலமுறை அலைந்திருக்கிறேன்.

பெரும்பாலானோர் பிராண்டில் தொடங்குகிறார்கள். அடுத்து "பாஸ் எப்படி?" என்று கனத்த தாழ் ஒலியைப் பற்றிக் கேட்கிறார்கள். பணத்தைக் கொடுத்து, வீட்டுக்கு வந்து, பின்னைச் செருகும்போதுதான் பிளேயர் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வருகிறது. இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. முதலில் பிளேயர், பிறகு கேட்கும் இடம், பிறகு காது, அப்புறம் பணம். பிராண்ட் கடைசியில் தானாக வரும்.

1. கிளம்பும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

பிளேயரை முழு சார்ஜ் செய்து கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் தன் போனில் போட்டுக் காட்டுவார், அதில் நன்றாகவே கேட்கும். போனும் உங்கள் பிளேயரும் ஒரே அளவு சக்தி தருவதில்லை. அதனால் போனில் கேட்டு முடிவு செய்வது, பக்கத்து வீட்டு அடுப்பில் வைத்துப் பார்த்துக் குக்கர் வாங்குவது மாதிரி.

நாலைந்து பாட்டுகளைத் தனி போல்டரில் போடுங்கள். மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுகளாக இருக்கட்டும். புதுப் பாட்டில் ஏதாவது குறைந்தால், குறை ஹெட்போனிலா பதிவிலா என்று சொல்ல முடியாது.

அந்தப் பாட்டுகளின் பைல் தரத்தையும் பார்த்துவிடுங்கள். 320 கேபிபிஎஸ் எம்பி3 அல்லது பிளாக் (FLAC) பைல் போதும். எப்போதோ யாரோ பென்டிரைவில் கொடுத்த 64, 96 கேபிபிஎஸ் பைல்களில் ஜால்ரா சத்தம் தண்ணீருக்குள் கேட்பதுபோல் சளசளக்கும். நல்ல ஹெட்போன் அதை இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். "புது ஹெட்போன் பழசைவிட மோசம்" என்று வந்த புகார்களில் பாதியை நான் பைலை மாற்றியே தீர்த்திருக்கிறேன்.

இப்போது பயன்படுத்தும் ஹெட்போன் ஓட்டையாக இருந்தாலும் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட ஒன்று வேண்டும். கூடவே ஸ்பிரிட் துடைப்பான் இரண்டு. கடையில் இருக்கும் சாம்பிள் யார் யார் காதுக்குள் போய் வந்ததோ.

2. பிளேயரின் ஓட்டையைப் பாருங்கள்

சிரிக்க வேண்டாம், இங்கேதான் முதல் சறுக்கல். பெரும்பாலான பிளேயர்களில் இருப்பது வட்டமான 3.5 மி.மீ. ஜாக். இப்போது கடைகளில் டைப்-சி பின் வைத்த இயர்போன்களும் நிறையத் தொங்குகின்றன. "இப்ப எல்லாத்துக்கும் இதான் சார்" என்று எடுத்து நீட்டுவார்கள். அது போனுக்கு. சார்ஜுக்கு மட்டும் டைப்-சி ஓட்டை வைத்த பிளேயரில் அது செருகத்தான் செய்யும், பாட்டு வராது.

அடுத்து பின்னில் இருக்கும் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு வளையம் என்றால் மூன்று பகுதி: இடது, வலது, கிரவுண்ட் (இரண்டுக்கும் பொதுவான திரும்பு வழி). மூன்று வளையம் என்றால் நாலாவதாக மைக்குக்கு ஒரு பகுதி இருக்கிறது. போன் பேச அது வேண்டும், பிளேயருக்கு வேண்டாம்.

மைக் பகுதி உள்ள பின்னும் பெரும்பாலான பிளேயர்களில் ஒழுங்காகவே வேலை செய்யும். சிலவற்றில் மட்டும் தகராறு. அப்பாவுக்கு அப்படி ஒன்று வாய்த்தது. ஒருநாள் காலை நடைக்குப் போய்விட்டு வந்து, "மெமரி கார்டு போயிடுச்சுப்பா, வயலின் கேட்குது, பாடுறவரைக் காணோம்" என்றார். கார்டைக் கழற்றி மாட்டினோம், பாட்டை மாற்றினோம், ஒன்றும் ஆகவில்லை. மைக் பட்டனைத் தற்செயலாக அழுத்தியபோது பாடகர் திரும்பி வந்தார். கையை எடுத்தால் மறுபடி காணோம்.

காரணம் எளிது. கிரவுண்ட் சரியாகத் தொடாதபோது, இடது பக்க ஒலிக்கும் வலது பக்க ஒலிக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். பாடகர் குரலை வழக்கமாக இரு பக்கமும் சமமாகப் பதிவதால், அது ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஒரு ஓரமாகப் பதிவான வயலின் தப்பித்துக்கொள்கிறது. பின் முழுதாக உள்ளே போகாதபோதும் இதே கதைதான். ஆகவே பிளேயருக்கென்றே வாங்குகிறீர்கள் என்றால் மைக் இல்லாத, இரண்டு வளையப் பின்னைக் கேளுங்கள். ஒரே மாடல் இரண்டு விதமாகவும் வரும்போது, மைக் இல்லாதது சில சமயம் விலையும் குறைவு.

உங்கள் பிளேயரில் புளூடூத் இருந்தால் வயர்லெஸ்ஸும் ஒரு வழி. ஆனால் பட்ஜெட் சிறியது என்றால் நான் வயர் பக்கம்தான். வயர்லெஸ்ஸில் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு பேட்டரிக்கும் சிப்புக்கும் சார்ஜ் டப்பாவுக்கும் போகிறது. சில வருடத்தில் பேட்டரி சோர்ந்துவிட்டால் மாற்றவும் வழி இருக்காது. ஓடுபவர்களுக்கும் ஜிம் போகிறவர்களுக்கும் வயர் தொல்லைதான், அவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

3. பிளேயர் எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். அக்கா மகனும் தாண்டினான். வீடியோவில் பார்த்த ஸ்டூடியோ ஹெட்போன் ஒன்றை யாரிடமோ பழசாக, மலிவாக வாங்கி வந்தான். 250 ஓம், சுருள் வயர். அவனுடைய சின்ன பிளேயரில் வால்யூமைக் கடைசிவரை வைத்தும், தெருக்கோடி கல்யாண மண்டபத்தில் பாடுவது போலத்தான் கேட்டது. ஹெட்போனில் குறையே இல்லை. பிளேயருக்கு அதைத் தள்ளத் தெம்பில்லை.

பெட்டியில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று இம்பீடன்ஸ், ஓமில் இருக்கும். மற்றொன்று சென்சிடிவிட்டி, டெசிபலில் இருக்கும். ஓம் கூடினால் அதே வோல்டேஜில் குறைவான மின்சாரம்தான் ஓடும். சென்சிடிவிட்டி கூடினால் கொஞ்சம் கொடுத்தாலே சத்தம் வரும். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். "ஓம் கம்மின்னா சத்தம் ஜாஸ்தி" என்று ஒற்றை எண்ணை வைத்துச் சொல்வது பாதி உண்மை.

சென்சிடிவிட்டியில் ஒரு வில்லங்கம் உண்டு. சிலர் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்று போடுவார்கள், சிலர் ஒரு வோல்ட்டுக்கு இத்தனை என்று போடுவார்கள். இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. பிளேயர் தருவது வோல்டேஜ் என்பதால், எல்லாவற்றையும் வோல்ட் கணக்குக்கு மாற்றிக்கொள்வது நல்லது. மில்லிவாட் கணக்கில் உள்ள எண்ணுடன் இதைக் கூட்டுங்கள்: 16 ஓம் என்றால் 18, 24 ஓம் என்றால் 16, 32 ஓம் என்றால் 15, 60 ஓம் என்றால் 12, 80 ஓம் என்றால் 11, 250 ஓம் என்றால் 6.

சோனி எம்டிஆர்-இசட்எக்ஸ்110-ஐ எடுத்துக்கொள்வோம். 24 ஓம், மில்லிவாட்டுக்கு 98 டெசிபல். 98-உடன் 16 கூட்டினால் வோல்ட்டுக்கு 114. பெயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் 250 ஓம் ரகம் 96 டெசிபல். 6 கூட்டினால் 102. பெட்டியில் பார்த்தால் இரண்டே டெசிபல் வித்தியாசம். உங்கள் பிளேயரில் 12 டெசிபல் வித்தியாசம். விலை அதிகமான ஹெட்போன்தான் இங்கே முனகும்.

சின்ன பிளேயருக்கு நான் வைத்திருக்கும் கோடு: வோல்ட்டுக்கு 110 டெசிபலுக்குக் கீழே போகாதீர்கள். பிளேயர் அரை வோல்ட் தருகிறது என்று வைத்தால் அதில் 6 டெசிபல் கழியும், 104 மிஞ்சும். அதுவே ஏகப்பட்ட சத்தம் என்று தோன்றும். ஆனால் அது பாட்டின் உச்சத்துக்கான எண். பழைய கச்சேரிப் பதிவுகளில் சராசரி ஒலி உச்சத்தைவிட 20 டெசிபல் தாழ்ந்து இருக்கக்கூடும். அந்த இடைவெளிக்காகத்தான் கையிருப்பு.

மேல் எல்லையும் ஒன்று உண்டு. 125-ஐத் தாண்டும் இயர்போன்களைச் சில மலிவு பிளேயர்களில் செருகினால், பாட்டுக்கு நடுவே 'ஸ்...' என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். வால்யூமில் ஒரு படி ஏற்றினால் காது கிழியும், ஒரு படி இறக்கினால் ஒன்றும் கேட்காது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிரைவர் என்றால் உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்; ஒரு காதுக்குள் நாலு டிரைவர், ஆறு டிரைவர் என்று விளம்பரம் செய்யும் இயர்போன்கள் வருகின்றன. அவற்றில் பலவற்றுக்கு இம்பீடன்ஸ் ஒலியின் அதிர்வெண்ணைப் பொறுத்து ஏறி இறங்கும். பிளேயரின் உள் எதிர்ப்பு சற்று அதிகமாக இருந்தால் ஒலியின் குணமே மாறிவிடும். ஹெட்போனின் ஓம், பிளேயரின் உள் எதிர்ப்பைப் போல எட்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. மலிவு பிளேயர்களில் அந்த உள் எதிர்ப்பைப் போடுவதே அபூர்வம் என்பதால், ஒரே ஒரு டைனமிக் டிரைவர் உள்ளதை வாங்கினால் தலைவலி மிச்சம்.

4. எங்கே கேட்கப் போகிறீர்கள்

பஸ், மின்சார ரயில் என்றால் காதை அடைக்கும் இன்-இயர். வெளிச் சத்தம் குறைவதால் வால்யூமைக் கூட்டாமலே கேட்கலாம். திறந்த ரகத்தைப் போட்டுக்கொண்டு இன்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால், இன்ஜினுக்கு மேல் பாட்டைக் கேட்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போவீர்கள். காதுக்குக் கெடுதல் அங்கேதான்.

சாலையோர நடை என்றால் நேர்மாறு. பின்னால் வரும் வண்டியின் ஹாரன் கேட்டாக வேண்டும். காதின் விளிம்பில் உட்காரும் பழைய வகை இயர்பட், அல்லது காஸ் கேஎஸ்சி75 போலக் காதில் கொக்கி மாட்டும் திறந்த வகை பார்க்கலாம். அது 60 ஓம், 101 டெசிபல். மேலே சொன்ன கணக்கில் 113 வருகிறது, சின்ன பிளேயருக்குப் போதும்.

வீட்டில் இரவில் கேட்க, காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போன் சுகம். ஆனால் நம் ஊர் ஏப்ரல், மே மாதத்தில் அதை அரைமணி நேரம் போட்டுப் பாருங்கள், காதோரம் ஊறிவிடும். செயற்கைத் தோல் குஷன் இந்த வியர்வையில் சீக்கிரம் உரிந்து, கறுப்புச் செதில் செதிலாகக் கன்னத்தில் ஒட்டும். அந்த மாடலுக்குத் தனியாகக் குஷன் கிடைக்கிறதா என்று கேட்காமல் பெரிய ஹெட்போன் வாங்காதீர்கள்.

எல்லா இடத்துக்கும் ஒன்றே வேண்டும் என்றால் இன்-இயர் வாங்கி, சாலையில் நடக்கும்போது ஒரு காதில் மட்டும் போடுங்கள்.

5. உங்கள் காதை அளந்துகொள்ளுங்கள்

இன்-இயரில் ஒலியைத் தீர்மானிப்பதில் டிரைவருக்கு நிகரான பங்கு அந்த ரப்பர் முனைக்கு உண்டு. காதுக்கும் ரப்பருக்கும் நடுவே சின்ன இடைவெளி இருந்தால் போதும், பாஸ் அப்படியே கசிந்துவிடும். மிச்சம் இருப்பது தகர டப்பா சத்தம்.

சோதிப்பது சுலபம். பாட்டு ஓடும்போது இரண்டு இயர்போனையும் விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். பாஸ் திடீரென்று கூடினால், போட்டிருக்கும் ரப்பர் உங்களுக்குச் சின்னது. அடுத்த அளவை மாட்டுங்கள். அழுத்தியும் மாற்றமே இல்லை என்றால் அளவு சரி.

இரண்டு காதும் ஒரே அளவு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இடது பக்கம் நடு அளவு, வலது பக்கம் பெரியது. இது தெரியாமல் மூன்று வருடம் "வலது பக்கம் பாஸ் கம்மி" என்று ஹெட்போன்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சிலருக்கு எந்த ரப்பரும் நிற்காது. அவர்கள் நுரை முனை போட்டுப் பார்க்கலாம். விரலால் உருட்டி நசுக்கி உள்ளே விட்டால், காதுக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும். அதுவும் உறுத்துகிறது என்றால் விடுங்கள், காது மேல் உட்காரும் ரகத்துக்குப் போங்கள். பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வலிக்கிற ஹெட்போன் மேசை டிராயரில்தான் முடியும்.

6. பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் 1,500 ரூபாய் இருந்தால் 1,500-க்கும் ஹெட்போன் வாங்காதீர்கள். 1,200-க்குள் ஹெட்போன். மிச்சத்தில் மாற்று ரப்பர் ஒரு செட், ஜிப் வைத்த சின்ன டப்பா. டப்பா வீண் செலவு என்று தோன்றும். ஆனால் வயர் ஹெட்போனின் ஆயுளைக் குறைப்பது பெரும்பாலும் சாவிக்கொத்தோடு பையில் சுருட்டிப் போடுகிற பழக்கம்தான்.

ஐந்நூறு ரூபாய்க்குள் என்றால் தெரிந்த நிறுவனத்தின் சாதாரண இயர்போனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குள் வயர் இன்-இயரில் இப்போது நல்ல சரக்கு கிடைக்கிறது. மூன்ட்ராப், கேஇசட் போன்ற சீன நிறுவனங்கள் இந்த விலையில்தான் பெயர் வாங்கின. இதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் சின்ன பிளேயரில் கேட்கும் வித்தியாசம் குறைந்துகொண்டே போகும் என்பது என் அனுபவம்.

இதே பணத்தில் பெரிய ஹெட்போன் வேண்டும் என்றால், ஒரு படி தாழ்ந்த தரத்துக்குத் தயாராகுங்கள். பட்டை, குஷன், மடிப்புக் கீல் என்று பொருள் செலவு அங்கே அதிகம்.

நடைபாதையில் பெரிய பிராண்ட் பெட்டியில் பாதி விலைக்குக் கிடைப்பதைத் தொடாதீர்கள். ஒருமுறை அப்படி வாங்கினேன். வெளிப்பெட்டி அச்சு அசல். உள்ளே இரண்டு பக்கமும் இடதைக் குறிக்கும் 'எல்' என்றே எழுதியிருந்தது.

7. பெட்டியில் எதைப் படிப்பது, எதை விடுவது

ஓமும் டெசிபலும் படிக்க வேண்டியவை, பார்த்தாயிற்று. '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்பதை விட்டுவிடுங்கள். நூறு ரூபாய் இயர்போனிலும் அதுதான் எழுதியிருக்கும். அந்த எல்லைக்குள் எந்த இடத்தில் எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்பதுதான் ஒலி. அதை அந்த வரி சொல்லாது.

டிரைவர் 10 மி.மீ., 14 மி.மீ. என்பதும் அப்படியே. 'எக்ஸ்ட்ரா பாஸ்', 'ஹை-ரெஸ்' முத்திரைகளைப் பார்த்து மயங்க வேண்டாம்.

வயர் நீளத்தைப் பாருங்கள். 1.2 மீட்டர் சட்டைப்பைக்கும் கால்சட்டைப் பைக்கும் தோது. 3 மீட்டர் என்றால் அது ஸ்டூடியோவுக்கானது, நடந்தால் காலில் சுற்றும். வாரண்டி எத்தனை மாதம், எங்கே போய் மாற்ற வேண்டும் என்பதையும் பாருங்கள். கடைக்காரர் "நானே மாத்தித் தரேன்" என்று வாயால் சொல்வது பில்லில் வராது.

8. போட்டுக் கேட்கும் வரிசை

பல கடைகளில் இன்-இயரைப் பிரித்துக் கொடுக்க மாட்டார்கள். அது நியாயமும்கூட. சாம்பிள் இருந்தால் ரப்பரைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். சாம்பிளே இல்லை என்றால், திருப்பி எடுப்பார்களா என்று முதலில் கேளுங்கள். இணையத்தில் வாங்கினாலும் இதைப் பாருங்கள். காதுக்குள் போகும் பொருள் என்பதால், பழுது இருந்தால் மட்டும் மாற்றித் தருவோம் என்று சில இடங்களில் விதி இருக்கும்.

முதல் வேலையாக பிளேயரில் ஈக்வலைசர் (ஒலியின் கீழ், நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி), பாஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கேட்பது பிளேயரின் பூச்சு.

இரண்டாவது, சத்தத்தைச் சமமாக்குங்கள். ஒரே பாட்டை இரண்டு ஹெட்போனில் கேட்டால், கொஞ்சம் சத்தமாகக் கேட்பதுதான் நல்லது என்று காது சொல்லும். எல்லோருக்கும் அப்படித்தான். ஆகவே ஒன்றில் குரல் எந்த அளவில் கேட்டதோ, அடுத்ததிலும் அதே அளவு வரும்படி வால்யூமை மாற்றிக்கொண்டு ஒப்பிடுங்கள்.

அப்புறம் குரல். ஆணோ பெண்ணோ, தனிக் குரல். அறைக்குள் நின்று பாடுவது போலிருக்க வேண்டும். வாயில் துணியைப் பொத்திப் பாடுவது போலிருந்தால், பாஸ் நடுப்பகுதியை மூடுகிறது. 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் ஊசி குத்தினால் மேல் சுருதிப் பகுதி துருத்திக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடத்தில் சலித்துப்போகும்.

பாஸுக்கு நான் சினிமாக் குத்துப்பாட்டைப் போடுவதில்லை. அதில் எந்த ஹெட்போனும் குத்தும். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்று போடுகிறேன். இடக்கைத் தொப்பியில் கும்கி கொடுக்கும்போது, அதாவது தோலைக் கையால் அழுத்தித் தேய்க்கும்போது, அந்த ஒலி வளைந்து ஏறுவது தெரிய வேண்டும். மலிவான 'எக்ஸ்ட்ரா பாஸ்' ரகங்களில் வளைவே இருக்காது, எல்லா அடியும் ஒரே 'தொம்' என்று விழும். அதே நேரத்தில் வலது பக்கமான வலந்தலையின் மணி நாதம் தனியாகக் காதில் விழுகிறதா என்று பாருங்கள். இரண்டும் தனித்தனியாகக் கேட்டால் அந்த ஹெட்போன் தேறிவிட்டது.

கடைசியில் நாதஸ்வரம். மேல் ஸ்தாயியில் நிற்கும்போது முகம் சுளிக்கிறதா? சுளித்தால் வேண்டாம். நாதஸ்வரத்தையும் தவிலையும் ஒன்றாகத் தாங்குகிற ஹெட்போன் வேறு எதையும் தாங்கும்.

கடையில் அவசரப்படுத்தினாலும் பத்து நிமிடமாவது காதில் வைத்திருங்கள். முதல் நிமிடத்தில் சுகமாக இருந்தது ஏழாவது நிமிடத்தில் காது மடலை அழுத்தும். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள்.

9. வயரையும் பின்னையும் சோதியுங்கள்

வயர் மூன்று இடத்தில் அறும்: பின்னின் கழுத்தில், இரண்டாகப் பிரியும் இடத்தில், காதுக்குள் நுழையும் இடத்தில். மூன்றிலும் வளையும் ரப்பர் உறை இருக்கிறதா என்று பாருங்கள். பிளேயரைப் பையில் போடுபவர்களுக்கு எல் வடிவப் பின் நல்லது. நேரான பின் உட்காரும்போதெல்லாம் மடங்கும், கூடவே பிளேயரின் ஜாக்கையும் நெம்பும்.

பாட்டை நிறுத்திவிட்டு வயரைச் சட்டையில் உரசிப் பாருங்கள். கரகர என்று காதுக்குள் கேட்டால், நடக்கும்போது அதுதான் உங்கள் தாளம். வயரைக் காதுக்குப் பின்னால் சுற்றிப் போட்டால் பெருமளவு குறையும். அப்படியும் போகாவிட்டால் வேறு மாடல்.

கழற்றி மாட்டும் வயர் இருந்தால் நூறு இருநூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம். அறுந்தால் வயரை மட்டும் மாற்றலாம். ஆனால் பின் வகையைக் குறித்துக்கொள்ளுங்கள். 0.78 மி.மீ. இரட்டை ஊசி ஒரு வகை, எம்எம்சிஎக்ஸ் இன்னொரு வகை. ஒன்றின் வயர் மற்றதில் பொருந்தாது.

10. வாங்கி வந்த முதல் வாரம்

பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் ஒலி பழுக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பிக் காத்திருந்தால் மாற்றும் கெடு போய்விடும். பழகுவது பெரும்பாலும் காதுதான். முதல் இரண்டு நாளிலேயே எல்லா ரப்பரையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பிறகும் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள்.

ஈக்வலைசரை இப்போது தொடலாம். பாஸ் வேண்டும் என்றால் பாஸை ஏற்றாமல் மற்றவற்றை இறக்குங்கள். ஏற்றினால் சின்ன பிளேயர் தன் எல்லையைத் தாண்டி, உரத்த இடங்களில் ஒலி கிழியும். இறக்கிவிட்டு வால்யூமைக் கூட்டினால் அதே பாஸ், கிழிசல் இல்லாமல். இதற்காகவும்தான் மூன்றாவது படியில் கையிருப்பு வைத்தோம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கிறது. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10. வீட்டில் மீட்டரா இருக்கிறது? அமைதியான அறையில் உங்களுக்குப் பிடித்த வால்யூம் எந்த எண்ணில் நிற்கிறது என்று பிளேயரில் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் அதைவிட மூன்று நான்கு படி மேலே போக வேண்டியிருந்தால் ரப்பர் சரியாக அடைக்கவில்லை என்று அர்த்தம்.

11. கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போடும் முன்

ஒரு பக்கம் வரவில்லையா? பின்னை மெல்லச் சுழற்றுங்கள். சத்தம் வந்து வந்து போனால், வேறு ஹெட்போனைப் பிளேயரில் செருகிப் பாருங்கள். அதிலும் அப்படியே என்றால் கோளாறு ஜாக்கில். சட்டைப்பை நூல்தூசு உள்ளே அடைந்திருக்கும். பிளேயரை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுத்துவிடலாம். ஊசி, குண்டூசி வேண்டாம், உள்ளே இருக்கும் தகட்டை வளைத்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்துகொண்டே வந்தால் அது பெரும்பாலும் காது அழுக்கு. ரப்பரைக் கழற்றி, உள்ளே தெரியும் சின்ன வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, காய்ந்த பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டி எடுங்கள். வலையைத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ நனைக்காதீர்கள், அழுக்கு கரைந்து உள்ளேதான் போகும். ரப்பரை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அப்பாவின் இயர்போன் போன மாதம் இப்படித்தான் 'செத்துப்போய்' என்னிடம் வந்தது. பிரஷ் போட்டுக் கொடுத்தேன், மறுநாள் காலை நடைக்குப் போய்விட்டது.